திராட்சை ரசம் கேட்டேன், ஒயின் வந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் பாதி படித்துவிட்டுக் கமெண்ட் போடாதீர்கள். போன வாரம் அப்படித்தான் ஆனது.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டிலும் நான் எழுதியது மூன்றே வரி. "திராட்சை ரசத்துக்கு ஆர்டர் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. பாக்கிச் சரக்கும் வரவில்லை, பணமும் வரவில்லை. அந்தத் தம்பிக்கு யாரும் முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்ப வேண்டாம்." அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்னையிலிருக்கும் என் அண்ணன் மகன் எழுதுகிறான்: "அத்தை, சின்னப் பையன், இப்பத்தான் தொழில் ஆரம்பிச்சிருக்கான். அவன் வயித்துல அடிக்காதீங்க." சிங்கப்பூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன்: "டீச்சர், கோக் பெப்சிக்காரன்கிட்ட இப்படிக் கேட்டிருக்கீங்களா? நம்ம விவசாயி வீட்டுப் பிள்ளைன்னா மட்டும் கேள்வி கேக்குறீங்க." அதற்கு வரிசையாகக் கைதட்டல் படம். எனக்கு எட்டாம் வகுப்பில் பாட்டில் மூடியை வைத்து எம்.ஆர்.பி. என்றால் என்ன என்று விளக்கிய பிள்ளை இவன். நம் பள்ளியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? டிசம்பர் 24 நுகர்வோர் தினத்துக்கு சார்ட் பேப்பரில் போஸ்டர் எழுதித் தாழ்வாரத்தில் ஒட்டினோமே? அந்த மன்றத்தின் செயலாளர் சாட்சாத் இந்தப் பையன்தான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தை மாதம் பேத்திக்குக் காதுகுத்து வைத்தோம். தை 3-க்கு எங்கள் ஊர் சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அதற்கு வரும் சொந்தபந்தம் அப்படியே தங்கிவிடட்டும் என்று அதை ஒட்டி நாள் குறித்தோம். வருகிறவர்களுக்கு வாசலில் ஏதாவது குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் அந்த மார்ச் முதல் தேதியிலிருந்து வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று அறிவித்தார்களே, அன்றிலிருந்து என் வீட்டுக்குள் அது வந்ததில்லை. கடைக்காரர்கள் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. ஆகவே அந்த சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு முதல் பதில்: கோக் பெப்சிக்காரனிடம் நான் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அவனுக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை.

நம் பக்கத்துத் திராட்சையில் ரசம் போட்டு விற்கிற தம்பி ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெள்ளோடு, கொடைரோடு பக்கம் பன்னீர்த் திராட்சைப் பந்தலைப் பார்க்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளியூர்ப் பெயர். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் பழம் மென்மை. தோல் மெல்லிசு. பறித்தால் நிற்காது. மழை பெய்தால் வெடிக்கும். வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் விவசாயி கொடுத்துத்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் கொடியிலேயே அழுகும். அந்தப் பழத்தைப் பாட்டிலில் அடைத்து ஆறு மாதம் வைத்து விற்க ஒருத்தன் வந்தால் அது நம் ஊருக்கே நல்லது என்று நினைத்துத்தான் கார்த்திகைக் கடைசியில் 40 பாட்டிலுக்கு ஆர்டர் கொடுத்தேன். முக்கால் லிட்டர் பாட்டில், ஒன்று 220 ரூபாய். மொத்தம் 8,800. "பழம் வாங்கணும் டீச்சர், முழுசாப் போட்டுவிட்டா உதவியா இருக்கும்" என்றான். ஜிபே-யில் அன்றைக்கே போட்டுவிட்டேன். பென்ஷன் பணம்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே கொண்டுவந்து இறக்கிவிடுவதாகப் பேச்சு. பொங்கல் வரை காத்திருந்தேன். போன் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் இரண்டு டிக் நீலமாகும், பதில் வராது. ஆனால் ஸ்டேட்டஸ் தினமும் மாறிக்கொண்டிருந்தது! இயற்கைக்குத் திரும்புவோம் என்று ஒரு நாள். பாட்டன் சொத்து, பன்னாட்டுச் சதி என்று மறுநாள். திராட்சைப் பந்தலுக்கு நடுவில் நின்று கையைக் கட்டிக்கொண்டு ஒரு ரீல்ஸ். ரீல்ஸ் எடுக்க நேரம் இருக்கிற பிள்ளைக்கு, "டீச்சர், நாளைக்கு வரும்" என்று மூன்று வார்த்தை அடிக்க நேரமில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சரக்கு ஆட்டோவில் பெட்டிகள் வந்தன. எண்ணிப் பார்த்தால் 26. டிரைவரைக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ஏத்திவிட்டாங்க" என்கிறார். ஸ்டிக்கர் சில பாட்டிலில் நேராக, சிலதில் கோணலாக, நாலைந்தில் இல்லவே இல்லை. இருந்த ஸ்டிக்கரிலும் ஒரு திராட்சைக் கொத்துப் படமும் "அம்மாவின் கைப்பக்குவம்" என்ற வாசகமும்தான். தயாரித்த தேதி கிடையாது. எத்தனை நாளைக்குள் குடிக்க வேண்டும் என்று கிடையாது. முகவரி கிடையாது. சில பாட்டில்களில் பழைய கம்பெனியின் பெயர் கண்ணாடியிலேயே புடைத்துக்கொண்டிருந்தது. பழைய பாட்டிலைக் கழுவி நிரப்பியிருக்கிறான்.

இரவு ஒன்றேகால் மணி. சமையலறையில் வெடிச்சத்தம். நான் கேஸ் சிலிண்டர் என்றே நினைத்துவிட்டேன். ஓடிப்போய் விளக்கைப் போட்டால் தரையெல்லாம் கருஞ்சிவப்பு. ரத்தம் போலவே. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் எங்கள் வீட்டில் கதவு கிடையாது, வந்தவர்களுக்குத் தெரியும். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் பிள்ளைகள் ஏழு பேர் படுத்திருந்தார்கள். என் தம்பி பேரனின் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி, விரல் நீளத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஒன்று கிடந்தது. அவனுக்கு வயது நாலு. அதை நான்தான் எடுத்தேன். இன்னும் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன்.

"சின்னப் பையன், மன்னிச்சு விடுங்க" என்று எழுதியவர்கள் அந்தச் சில்லையும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மீதி 25 பாட்டிலையும் அந்த நேரத்திலேயே கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். விடிந்ததும் என் அண்ணன் ஒவ்வொன்றாகச் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறந்தார். நான் நோட்டில் எழுதினேன். பழக்கதோஷம், பரிசோதனை என்றால் எனக்கு நோட்டு வேண்டும். ஒன்பது பாட்டில் நுரைத்துப் பொங்கியது. ஐந்து பாட்டில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. பதினொன்று திராட்சை ரசம் மாதிரி இருந்தது, அதிலும் நிறம் மூன்று விதம். நுரைத்ததில் ஒன்றை என் அண்ணன் அரை டம்ளர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தங்கச்சி, இது லேசா ஏறுதே."

ஏறாமல் என்ன செய்யும்? பத்தாம் வகுப்பில் உங்களுக்கு நடத்தியதுதான். திராட்சைச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அதைத் தின்று எத்தனாலும் கார்பன் டை ஆக்ஸைடும் ஆக்குகிறது. ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம், அதிலிருந்து இரண்டு மோல் வாயு, அதாவது 44.8 லிட்டர். கணக்குப் போடுங்கள். ஒரு பாட்டிலில் வெறும் 18 கிராம் சர்க்கரை நொதித்தாலே கிட்டத்தட்ட நாலரை லிட்டர் வாயு. முக்கால் லிட்டர் பாட்டிலில், கழுத்துப் பக்கம் ஒரு அங்குல இடத்தில், அது எங்கே போகும்? அவ்வளவும் உள்ளேயே அடைபட்டால் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம். ஷாம்பெயின் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அவ்வளவு தடிமனாக இருக்கிறது. அப்படியும் பழைய காலத்தில் பிரான்சில் ஷாம்பெயின் நிலவறைகளில் வேலை செய்தவர்கள் முகத்துக்கு இரும்புக் கூடு மாட்டிக்கொண்டு இறங்கினார்களாம். ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து வெடிக்கும். 1830-களில் பிரான்சுவா என்ற மருந்துக்கடைக்காரர் எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு வாயு வரும் என்று கணக்கிட்டுச் சொன்ன பிறகுதான் அந்த வெடிப்பு குறைந்தது. நம் தம்பி பழைய சோடா பாட்டிலில் ஷாம்பெயின் செய்து என் சமையலறைக்கு அனுப்பியிருக்கிறான், இரும்பு முகமூடி அனுப்பவில்லை.

புளித்த ஐந்து பாட்டிலில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. காற்றுப்பட்டு, ஆல்கஹால் அசிட்டிக் அமிலமாகி, வினிகர் ஆகிவிட்டது. ஆக ஒரே பெட்டியில் ரசம், ஒயின், வினிகர் மூன்றும். ஒயின் செய்கிற ஊர்களில்கூட இந்த வருடத்து ருசி வேறு, போன வருடத்து ருசி வேறு என்பார்கள், அதற்காகவே பாட்டிலில் அறுவடை வருடத்தைப் போடுவார்கள். ஒரே பெட்டிக்குள் பாட்டிலுக்குப் பாட்டில் வேறு என்றால் அங்கேயும் வாங்க மாட்டார்கள். இதில் இன்னொன்று. 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒயின் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் வம்பு. 2003-லிருந்து சில்லறைக் கடை வைத்து மது விற்பது டாஸ்மாக் மட்டும்தான். 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு ரிட்டையர்டு ஆன காலத்தில், பேத்தி காதுகுத்துக்குப் பந்தலில் ஒயின் ஊற்றினேன் என்ற பெயர் எனக்கு வந்திருக்கும். குழந்தைகள் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்! நல்லவேளை, வெடித்துக் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் எப்படியோ போன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "டீச்சர், இது நேச்சுரல். அப்படித்தான் இருக்கும். கெமிக்கல் போட்டாத்தான் ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு அது புரியாது."

எனக்குப் புரியாதாம். கெமிஸ்ட்ரி.

தம்பி, எத்தனாலும் கெமிக்கல்தான், அசிட்டிக் அமிலமும் கெமிக்கல்தான். நீ ஒன்றும் போடவில்லை, அது தானாக உண்டாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். ரசம் ரசமாகவே இருக்க மருந்து போட வேண்டியதே இல்லை. சூடு போதும். 1863-ல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதால் லூயி பாஸ்டர் ஒயின் ஏன் கெடுகிறது என்று ஆராயப்போனார். அதில் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்குப் பால் பாக்கெட் வரைக்கும் வந்திருக்கிறது. ஆறு வருடம் கழித்து, 1869-ல், அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர், தங்கள் தேவாலயத்துக்குப் போதை இல்லாத திராட்சை ரசம் வேண்டும் என்று, பாட்டிலில் சாற்றை அடைத்துக் கொதிநீரில் இறக்கி வைத்தார். நொதிக்கவில்லை. அவரிடம் ஃபேக்டரி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை. ஒரு அண்டா, வெந்நீர், அடுப்பு. இது மூன்றும் இல்லாத வீடு வத்தலக்குண்டு பக்கம் எது? சின்னத் தொழில் என்பதால் தரம் வராது என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். இங்கே குறைந்தது பணம் இல்லை. அக்கறை.

இந்த "சின்னவன், பாவம்" என்ற பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. திண்டுக்கல் பூட்டு யார் செய்தது? டாட்டாவா பிர்லாவா? சந்துக்குள் பட்டறை போட்டு, அரம் வைத்து ராவி, கையால் செய்த மனிதர்கள். அப்பா வாங்கிய மாங்காய்ப் பூட்டு என் வீட்டுக் குதிருக்கு இன்னும் தொங்குகிறது. அதன் சாவி வேறு எதையும் திறக்காது, வேறு சாவி அதைத் திறக்காது. 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது பூட்டுக்காரர்கள் ஏழைகள் என்பதற்காக அல்ல. காளிமார்க் 1916-ல் விருதுநகரில் சின்ன அளவில் தொடங்கிய சோடாக் கம்பெனிதான். இன்றைக்கு நீங்கள் எந்த ஊரில் பவண்டோ வாங்கினாலும் அது பவண்டோவாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் சூறை விடுகிற வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீசப்போகிற பழம்தானே, காசு வாங்குவதும் இல்லை. இருந்தாலும் கூடையில் அடுக்கும்போது அழுகினதை ஒதுக்கிவிட்டுத்தான் அடுக்குகிறோம்.

அவன் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. பழம் ஒரே நேரத்தில் வந்து குவிந்திருக்கும். ஆள் கிடைத்திருக்காது. பாட்டில் விலை ஏறியிருக்கும். எல்லாம் சரி. "டீச்சர், 26-தான் முடிஞ்சது, பாக்கிக் காசை அனுப்பிடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடுத்த விசேஷத்துக்கும் அவனிடம்தான் வாங்கியிருப்பேன். சொல்லவில்லை. "அடுத்த பேட்ச்ல ஈடு பண்ணிடறேன்" என்றான். அது நடந்து இரண்டு மாதம். இதற்கிடையில் திருச்சியில் ஏதோ இயற்கைச் சந்தையில் கடை போட்டு, பாட்டில்களோடு நின்று போட்டோ போட்டிருக்கிறான். எனக்கு வரவேண்டிய 14 பாட்டில் அங்கே விற்றிருக்கும் போல.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் புதிதாக வந்தது, அடுத்த வருடம் ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில் குறையுள்ள பொருளால் காயம்பட்டால் தயாரித்தவன் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவன் சின்னவனா பெரியவனா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பாட்டிலில் அடைத்து விற்கிற பொருளில் பெயர், முகவரி, அளவு, தேதி, விலை, குறை சொல்ல ஒரு நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் வேண்டும். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு முழு உரிமம்கூடத் தேவையில்லை, பதிவு செய்தால் போதும். சின்னவர்களுக்குச் சலுகை வேண்டிய இடத்தில் சட்டமே கொடுத்திருக்கிறது. கண்ணாடி வெடிப்பதற்குச் சலுகை கொடுக்கவில்லை.

இன்னொன்று யோசித்தீர்களா? அன்றைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். கடைசியில் வத்தலக்குண்டுக்கு ஆள் அனுப்பி டப்பாவில் வருகிற ஆரஞ்சுப் பவுடரை வாங்கிக் கலக்கினோம். எனக்கு எவ்வளவு அவமானம்! கிணற்றடிக் கூத்தைப் பார்த்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டு போனார்கள் தெரியுமா? அந்தத் தம்பியைத் திட்டவில்லை. "இந்த நாட்டுச் சரக்கு, ஆர்கானிக் எல்லாமே இப்படித்தான், கடைச் சரக்கே மேல்" என்றார்கள். மரச்செக்கு எண்ணெயை ஒழுங்காக ஆட்டிக் கொடுக்கிற நம் தெரு அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு. நாளைக்கு வேறொரு பிள்ளை நிஜமாகவே நல்ல ரசம் போட்டுக்கொண்டு வந்தால் அவனுக்கும் சேர்த்துத்தான். கொடியில் அழுகுகிற திராட்சைக்காரருக்கும் சேர்த்துத்தான். வயிற்றில் அடிப்பது நானா, அவனா?

அவன் ரீல்ஸை ஷேர் செய்கிற என் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தடவை ஷேர் செய்வதற்கு முன் ஒரு பாட்டில் காசு கொடுத்து வாங்குங்கள். ஓசியில் வாங்காதீர்கள். சமையலறையில் ஒரு வாரம் வையுங்கள், பிள்ளைகள் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி. அதற்குப் பிறகும் ஷேர் செய்யத் தோன்றினால் செய்யுங்கள்.

அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் எழுதக்கூடாது, எழுதினால் அழித்துவிடுவேன். வயது 26. திருந்த நேரம் இருக்கிறது. அவன் இதைப் படிப்பான் என்று எனக்குத் தெரியும், உங்களில் இரண்டு பேர் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருப்பீர்கள். நல்லது. அவனுக்குச் சொல்லுங்கள்: வராத 14 பாட்டிலுக்கு 3,080 ரூபாய். வெடித்தது, நுரைத்தது, புளித்தது மொத்தம் 15, அதற்கு 3,300. ஆக 6,380. நன்றாக இருந்த பதினொன்றுக்கு நான் ஒரு ரூபாய் திருப்பிக் கேட்கவில்லை. உண்மையில் அந்தப் பதினொன்றும் அருமையாக இருந்தன. அதுதான் வயிற்றெரிச்சலே. செய்யத் தெரிந்திருக்கிறது.

சித்திரை முதல் தேதி வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு 1915-க்கு ஒரு போன், அதிலும் ஆகவில்லை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், நானே பேசுவேன். ஜிபே ரசீது, நோட்டு, பாட்டில் போட்டோ, அந்தக் கண்ணாடிச் சில்லு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பணத்தை அனுப்பிவிட்டு நேரில் வந்தால் சாற்றை எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், பாட்டிலை எப்படிக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லித்தருகிறேன். தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது. வரும்போது ஒரு சாக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள், காலி பாட்டில் 25-ம் கிணற்றடியில்தான் கிடக்கிறது.